27 வருடமாக நிற்கும் ஐயாவின் புல்லட்: ஓட வைக்க முடியுமா?

பள்ளத்தூர்ப் பேரன் | ஜனவரி 19

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், நெல் குதிருக்குப் பக்கத்தில் ஐயாவின், அதாவது தாத்தாவின், புல்லட் நிற்கிறது. 1974 மாடல், 350 ஸ்டாண்டர்டு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 1998க்கு அப்புறம் யாரும் எடுக்கவில்லை. ஐயா காலமாகி 11 வருடம் ஆகிறது. சின்ன வயதில் அந்த டேங்கின் மேல் உட்கார்ந்து வாயாலேயே காரைக்குடி வரை ஓட்டியிருக்கிறேன்.

இப்போது இரண்டு டயரும் வெடித்துக் கிடக்கின்றன. பின்சக்கரம் சுற்றவில்லை. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்தது போல நிற்கிறது. டேங்க் மூடியைத் திறந்தால் பழைய வார்னிஷ் வாடை, உள்ளே செம்மண் நிறம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆனால் எஞ்சினைப் பிரித்ததில்லை. எனக்குச் சென்னையில் வேலை, மாதம் இரண்டு சனி ஞாயிறு வர முடியும். எங்கே ஆரம்பிப்பது?

கல்லுக்கட்டி | ஜனவரி 19

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் ஆரம்பியுங்கள். பழைய சாமான் கடைக்காரர்கள் தூணையும் கதவையும் மட்டும்தான் வாங்குவார்கள் என்று யார் சொன்னது? ஓடாத புல்லட்டுக்கு ஓடுகிறதைவிட நல்ல விலை. செலவும் இல்லை.

லேத்துப்பட்டறை | ஜனவரி 20

தம்பி, முதலில் கிக்கர் மேல் ஏறிக் குதிப்பதை நிறுத்துங்கள். உள்ளே கிக்கர் பல்லு போனால் அது தனிச் செலவு.

இந்த மாதிரி வண்டி என்னிடம் வந்தால் நான் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. ஒரு கேள்வி கேட்பேன்: வண்டி ஏன் நின்றது? துருப்பிடித்ததால் எந்த வண்டியும் நிற்பதில்லை. நின்றதால்தான் துருப்பிடிக்கிறது. ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஒருநாள் ஓரங்கட்டினார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கிராங்க் சத்தமா, கியர் விழவில்லையா, ஆயில் ஏறவில்லையா, இல்லை ஓட்டுகிறவருக்கே முடியவில்லையா? அது தெரியாமல் பெயிண்ட் அடித்து, குரோம் போட்டு, புது சீட் தைத்தால், பழைய நோய் அப்படியே உள்ளே இருக்கும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பள்ளத்தூர்ப் பேரன் | ஜனவரி 21

கேட்டேன் அண்ணே. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அப்பச்சி (அப்பா): "எஞ்சின் சீஸ் ஆகி இறுகிருச்சு." சித்தப்பா: "கிக்கர் திருப்பி அடிச்சு ஐயாவுக்குக் கணுக்கால் வீங்கிருச்சு, அதோட விட்டுட்டாக." மலேசியாவில் இருக்கிற பெரிய அத்தை, "எனக்குக் கல்யாணம் ஆனப்பவே அது ஓடலையே" என்கிறார். அது கணக்கே ஒத்துவரவில்லை.

அப்பத்தா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "அதுக்கு இளைப்புப்பா. குன்றக்குடிக்குப் போனா பாதி வழியில படுத்துக்கிரும். ஐயா புளியமரத்தடியில செத்த நேரம் உக்காந்திருப்பாக. அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி எந்திரிச்சு வந்திரும். வரவர உக்கார்ற நேரம் கூடிப்போச்சு, அவுகளும் விட்டுட்டாக." அப்பத்தாவுக்கு 88 வயது. வண்டியைப் பற்றிச் சொல்கிறார்களா, ஐயாவைப் பற்றியா என்று எனக்குத் தெரியவில்லை :)

லேத்துப்பட்டறை | ஜனவரி 21

சரி, அப்பச்சி சொன்ன சீஸ் என்பதையே வைத்துக்கொள்வோம். பிரித்தால் தெரிந்துவிடும்.

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து நாலு ஸ்பூன் விடுங்கள். தினமும் இரண்டு ஸ்பூன். அவசரம் வேண்டாம், ஒரு வாரம் ஊறட்டும். அப்புறம் நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும், முதலில் அதை விடுவிக்க வேண்டும். டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடையுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா | ஜனவரி 22

அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். நான் கேட்காமல் கெட்டவன். மாமா வீட்டு ராஜ்தூத் ஒன்றைப் பத்து வருடத் தூக்கத்திலிருந்து ஒரே மத்தியானத்தில் எழுப்பினேன். பெட்ரோல் ஊற்றி நாலு பேர் தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தது, இரண்டு நிமிடம் ஓடியது, 'டக்' என்று நின்றது. பிரித்துப் பார்த்தால் ரிங் சுக்குநூறு. துருப்பிடித்த சிலிண்டரில் ரிங்கை ஓட்டியது உப்புத்தாளில் நகத்தைத் தேய்த்த மாதிரி.

இன்னொன்று, சைலன்சருக்குள் கம்பி விட்டுப் பாருங்கள். குளவி மண்ணை அடைத்து வீடு கட்டியிருக்கும். எனக்குக் கால் கிலோ செம்மண் வந்தது.

பள்ளத்தூர்ப் பேரன் | பிப்ரவரி 9

நிலவரம்.

பிளக்கைக் கழற்றலாம் என்று போனால் பிளக்கே இல்லை. அந்த ஓட்டையில் ஒரு துணிச்சுருள். மருந்தடிக்கும் மெஷினுக்குப் பிளக் வேண்டும் என்று எப்போதோ யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. துணி மக்கி, ஒவ்வொரு மழைக்காலத்து ஈரமும் நேராக சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. அப்பச்சி சொன்ன 'சீஸ்' இதுதான் என்று நினைக்கிறேன். நின்ற பிறகு வந்த சீஸ்.

நான் சென்னை வந்துவிட்டதால் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி டீசல் ஆயில் விடவைத்தேன். ஒன்பதாம் நாள் போனில் கூப்பிட்டான்: "அண்ணே, அசஞ்சிருச்சு!" சக்கரம் அரை விரற்கடை நகர்ந்ததாம். நேற்று நானே ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன் நின்ற இடத்தில் சிலிண்டர் சுவரில் ஒரு வளையம், நாய்க்குக் கழுத்துப்பட்டை போட்ட மாதிரி. நகத்தை வைத்தால் தட்டுகிறது.

ஒரு துணைக் கதை. கிராங்கில் தேங்கிய பழைய ஆயிலை இறக்கும்போது தட்டு நழுவி, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேல் ஒரு கை அகலத்துக்குக் கறுப்பு. கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. அப்பத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆத்தங்குடிக் கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகும், இது ஆகாது. கீழே சாக்கு விரித்துவிட்டுப் பிரியுங்கள்.

லேத்துப்பட்டறை | பிப்ரவரி 9

நகம் தட்டினால் பேசவே வேண்டாம், போரிங்தான், சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். ஸ்டாண்டர்டு போர் (உள்விட்டம்) 70 மில்லிமீட்டர். அளந்து பார்த்து, பள்ளம் மறையும் அளவுக்கு மட்டும் போர் எடுத்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் ரிங் போடுங்கள். ஒரேயடியாகப் பெரிய போர் எடுத்தால் அடுத்த தடவைக்கு இரும்பு மிச்சம் இருக்காது. சிலிண்டரைக் கொண்டுவரும்போது பிஸ்டனையும் கொண்டுவாருங்கள். பிஸ்டன் கையில் இல்லாமல் போர் எடுக்கிற லேத்துக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் 'டிக்' என்று ஆடினால் கிராங்கையும் பிரிக்க வேண்டும்.

பள்ளத்தூர்ப் பேரன் | பிப்ரவரி 10

மேலும் கீழும் ஆடவில்லை. பிழைத்தேன். அடுத்தது டேங்க். உள்ளே துரு உதிர்கிறது. ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.

புதுவயல் ஆச்சி | பிப்ரவரி 10

புளிதான் தம்பி. பித்தளைக் குடம் எப்படிப் பளபளக்குதுன்னு உங்க அப்பத்தாகிட்டக் கேளுங்க. எங்க வீட்டுக்காரர் லூனா டேங்கை நான் அப்படித்தான் கழுவினேன். பழைய புளியைக் கரைச்சு நிரப்பி ரெண்டு நாள் வச்சேன். அடுப்படியில் இருக்கிறதை விட்டுட்டு ஆசிட்டுக்கு எதுக்குப் போறீங்க?

பழைய சிக்ரிக்காரன் | பிப்ரவரி 11

ஆச்சி சொல்வதில் வேதியியல் பிழை இல்லை. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், துருவைக் கரைக்கும். எலுமிச்சை உப்பும் அதே வேலையைச் செய்யும். ஆனால் 27 வருடத் துருவுக்குப் புளி போட்டால் மூட்டைக் கணக்கில் வேண்டும், சக்கை டேங்க் மூலையில் மாட்டிக்கொண்டு அப்புறம் பெட்ரோல் குழாயை அடைக்கும். அமிலம் துருவைத் தின்று முடித்ததும் நல்ல இரும்பையும் தொட ஆரம்பிக்கும்.

1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து மின்வேதியியலுக்கென்று சிக்ரி என்ற ஆராய்ச்சி நிறுவனம் வந்த ஊர் நம் காரைக்குடி. அங்கே சம்பளம் வாங்கிய நான் இந்த இடத்தில் சும்மா இருந்தால் சரியில்லை. மின்சாரத்தால் எடுங்கள்.

டேங்கைச் சோப்புத் தண்ணீரால் நாலைந்து தடவை கழுவி, பெட்ரோல் வாடை சுத்தமாகப் போன பிறகுதான் தொட வேண்டும். பெட்ரோல் குழாய் ஓட்டையை போல்ட்டால் அடையுங்கள். தண்ணீர் நிரப்பி, சலவை சோடா நாலைந்து ஸ்பூன் கரையுங்கள். சமையல் உப்பு போடவே கூடாது, குளோரின் வரும். மூடி வாய் வழியாக ஒரு கட்டடக் கம்பித் துண்டை உள்ளே தொங்கவிடுங்கள், அது டேங்கை எங்கும் தொடக் கூடாது. சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி நிறுத்தலாம். 12 வோல்ட் சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க் கரையும், கம்பி பளபளக்கும்! எவர்சில்வர் கம்பி வேண்டாம், அதிலுள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும்.

குமிழி குமிழியாக வருவது ஹைட்ரஜன். முற்றத்தில், திறந்த வெளியில் வையுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது. வயரைக் கழற்றுவதற்கு முன் சுவிட்சை அணையுங்கள்.

புதுவயல் ஆச்சி | பிப்ரவரி 11

இவ்வளவு பயமுறுத்திட்டு 'புளி வேண்டாம்'ங்கிறீங்களே சார். புளி வெடிக்காது.

பழைய சிக்ரிக்காரன் | பிப்ரவரி 11

ஒப்புக்கொள்கிறேன் ஆச்சி :)

பள்ளத்தூர்ப் பேரன் | மார்ச் 2

சார் சொன்னபடியே முதல் கட்டு முற்றத்தில் வைத்தேன். மேலே ஆகாயம், கீழே டேங்க். ஒரு மணி நேரத்தில் வாய் வழியாகச் செம்பழுப்பு நுரை பொங்கியது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கம்பியை எடுத்தால் அதன் மேல் கறுப்புச் சேறு ஏறியிருக்கும். சுரண்டிவிட்டு மறுபடியும் இறக்கினேன். மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிற இரும்பு. மூலையில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதற்கு ஆச்சியின் புளித்தண்ணீரை வடிகட்டி ஊற்றினேன், போய்விட்டது. இரண்டு கட்சிக்கும் வெற்றி என்று அறிவிக்கிறேன்.

கழுவிய கையோடு வெயிலில் வைத்து உலர்த்தி, பெட்ரோலில் கொஞ்சம் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் போடுவது) கலந்து உள்ளே சுழற்றிவிட்டேன். அப்படிச் செய்யாவிட்டால் கண் முன்னாலேயே மறுபடி துருப்பிடிக்கிறது. முதல் தடவை சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

தேவகோட்டை ரஸ்தா | மார்ச் 2

பழைய ரப்பர் பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் வாஷரையும் மறக்காமல் மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஊறி உப்பிவிடும். வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கைப் பாதியாக வைக்காதீர்கள், ஈரத்தை இழுக்கும்.

புத்தகம் தேடுபவன் | மார்ச் 5

வேலை எல்லாம் அருமை. ஆர்.சி. புத்தகம் எங்கே இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லையே?

பள்ளத்தூர்ப் பேரன் | மார்ச் 5

இருக்கிறது. இரும்புப் பெட்டியில், ஐயாவின் பெயரில். மூன்று எழுத்துப் பழைய நம்பர்.

புத்தகம் தேடுபவன் | மார்ச் 6

புத்தகம் இருக்கிறதே, பாதி உயிர் வந்தது. ஆனால் இன்னும் நாலு மலை ஏற வேண்டும்.

இறந்தவர் பெயரிலிருந்து மாற்றுவதற்குப் படிவம் 31. விற்பனைக்கு உள்ள 30ஐக் கொடுத்துத் திரும்பி வந்தவர்கள் நிறைய. இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் எல்லாரிடமும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து. பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்கப் படிவம் 25, தாமதத்துக்குக் கட்டணம், பசுமை வரி, அப்புறம் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியைக் காட்ட வேண்டும். அதற்கப்புறம் 5 வருடத்துக்கு ஒரு தடவை. பழைய புத்தகம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது, முதலில் அதை ஏற்றச் சொல்லுங்கள். சேஸ் நம்பர் மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், பென்சில் அச்சு எடுக்க வேண்டும். புத்தகத்தில் ஓர் எழுத்து, சேஸில் ஓர் எழுத்து என்று இருந்தால் பிறகு சிரமம்.

எங்கள் வீட்டில் ஒரு ஸ்கூட்டருக்கு ஏழு கையெழுத்து. ஆறு கிடைத்தது. ஏழாவது பங்காளி சுவர்ப் பிரச்சினையில் இருந்தார். ஸ்கூட்டர் இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது.

கல்லுக்கட்டி | மார்ச் 6

அதனால்தான் முதல் நாளே முனீஸ்வரன் கோயில் தெரு என்றேன்.

பள்ளத்தூர்ப் பேரன் | ஏப்ரல் 27

வண்டி பிடித்துவிட்டது!

சிலிண்டர் முதல் போர், புதுப் பிஸ்டன். கிளட்ச் பிளேட்டுகள் அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கிடந்தன, பிரித்துத் தேய்த்தேன். 19 இஞ்சுக்கு இரண்டு டயர், டியூப், புது 6 வோல்ட் பேட்டரி. ஒயரிங்கில் எலி தின்றது போக மிச்சத்தை மாற்றினேன். வால்வு இடைவெளியை, அதாவது டேப்பெட்டை, லேத்துப்பட்டறை அண்ணன் வீடியோ காலில் பார்த்துக்கொண்டே வைக்கச் சொன்னார்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பொறிக்கான கரண்டை வெட்டிவிடும் பாயிண்ட்டில் சாம்பல் பூத்திருந்தது, தேய்த்து 0.35 மில்லிக்கு இடைவெளி வைத்தேன். பிளக்குக்குக் கரண்டு கொடுக்கும் காயிலை மாற்றட்டுமா என்றதற்கு, "கரண்டு நீலமா குதிக்குது, நல்ல காயிலை எதுக்குத் தூக்கிப் போடணும்" என்றார் அண்ணன்.

முதலில் பிளக் இல்லாமலே நாற்பது மிதி. எஞ்சின் உச்சியில் உள்ள ராக்கருக்குப் போகும் ஆயில் பைப் போல்ட்டைத் தளர்த்தி வைத்திருந்தேன். முப்பதாவது மிதியில் அங்கே ஒரு சொட்டு கசிந்தது. ஆயில் மேலே ஏறுகிறது. அந்த ஒரு சொட்டைப் பார்த்தபோது வந்த சந்தோஷம், வண்டி பிடித்தபோதுகூட வரவில்லை என்றால் நம்புங்கள்.

அப்புறம் பிளக்கைப் போட்டு, சாவியைத் திருப்பினேன். ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. கிக்கரை மெதுவாக அழுத்த, கனம் வந்த இடத்தில் முள் நடுவுக்கு வந்தது. சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஸரைப் பிடித்து ஒரு இழை தாண்டவிட்டு, விட்டுவிட்டு, முழு மிதி. மூன்றாவது மிதியில் சைலன்சர் வெடி போட்ட மாதிரிச் சத்தம் போட்டு, குதிரில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. ஆறாவதில் பிடித்தது. புகை மண்டியது. அப்பத்தா நிலைப்படியில் வந்து நின்று, "மெதுவா முறுக்கு, அவுக இப்படி முறுக்க மாட்டாக" என்றார்.

லேத்துப்பட்டறை | ஏப்ரல் 27

சபாஷ். முதல் 500 கிலோமீட்டர் விரட்டாதீர்கள். முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

புத்தகம் தேடுபவன் | ஏப்ரல் 27

கையெழுத்து?

பள்ளத்தூர்ப் பேரன் | ஜூன் 30

ஐந்தும் வந்துவிட்டது. மலேசியா அத்தை கடைசி. "எனக்கு ஒரு ரவுண்டு காட்டணும்" என்ற நிபந்தனையோடு. போன வாரம் வண்டியைக் காட்டி, புதுப்பித்தாயிற்று. இன்சூரன்ஸும் போட்டாயிற்று.

பள்ளத்தூர்ப் பேரன் | ஜூலை 13

மறுபடியும் உதவி தேவை. இன்று முதல் நீண்ட ஓட்டம், குன்றக்குடிக்கு. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி வரை தேன். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. பெட்ரோல் வருகிறது, டேங்க் மூடியைத் திறந்தும் பார்த்தேன். இருபது முறை மிதித்தேன், உயிரே இல்லை. மறுபடியும் சீஸ் ஆகிவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கியது, ஆனால் கிக்கர் லேசாக இறங்குகிறது. நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டு முக்கால் மணி கழித்து மிதித்தால் முதல் மிதியில் பிடிக்கிறது. திரும்பி வரும்போது அதே கதை, கோட்டையூருக்கு முன்னால். கார்புரேட்டரா?

தேவகோட்டை ரஸ்தா | ஜூலை 13

கார்புரேட்டர் ஜெட்டில் டேங்க் துரு அடைத்திருக்கும். கழற்றி ஊதுங்கள்.

புதுவயல் ஆச்சி | ஜூலை 13

தம்பி, ஜனவரி 21ஆம் தேதி நீங்களே எழுதினதைப் போய்ப் படிங்க. உங்க அப்பத்தா என்ன சொன்னாக? குன்றக்குடிக்குப் போனா பாதி வழியில படுத்துக்கிரும், செத்த நேரம் உக்காந்தா எந்திரிச்சு வந்திரும். ஐயாவைப் பத்திச் சொன்னாகன்னு நீங்க சிரிச்சீங்க. அவுக வண்டியைப் பத்தித்தான் சொல்லியிருக்காக.

லேத்துப்பட்டறை | ஜூலை 13

ஆச்சி, கும்பிடு.

ஏன் நின்றது என்று கேட்கச் சொன்னதும் நான், பதிலைக் காதில் வாங்காமல் விட்டதும் நான். சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. அது பாயிண்ட்டோடு சேர்ந்த கண்டன்சர், இல்லையென்றால் காயில். ஆறியிருக்கும்போது கரண்டு நன்றாகக் குதிக்கும், சோதித்தால் நல்ல காயில் மாதிரியே இருக்கும். சூட்டில் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி விட்டுப்போகும். கண்டன்சர் விலை குறைவு, முதலில் அதை மாற்றுங்கள். மறுபடி நின்றால், நின்ற அந்த நிமிடமே பிளக்கை எடுத்துக் கரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆறவிட்டுப் பார்த்தால் பிரயோஜனம் இல்லை.

பள்ளத்தூர்ப் பேரன் | ஜூலை 27

கண்டன்சர் மாற்றியும் நின்றது. உடனே பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து மிதித்தேன், பொறியே இல்லை. காயிலைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. புதுக் காயில் பையில் தயாராக வைத்திருந்தேன். ரோட்டோரத்திலேயே மாற்றினேன், இரண்டு போல்ட்தான். இரண்டாவது மிதியில் பிடித்தது. குன்றக்குடி போய், அங்கிருந்து பிள்ளையார்பட்டி போய், திரும்பிப் பள்ளத்தூர் வரை எங்கும் நிற்கவில்லை.

பிரைமரி மூடியில் ஆயில் கசிகிறது. பேக்கிங் மாற்ற வேண்டும், அதுவரை கீழே சாக்கு.

பழைய காயிலை அப்பத்தாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். பிறகு, "என்ன விலை?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த கார்த்திகைக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியா, பின்னால உக்கார்ந்துக்கிர்றேன்" என்றார்.

88 வயதுக்காரரைப் பின்னால் உட்காரவைக்க நல்ல பிடிப்புள்ள சீட் காரைக்குடியில் யார் தைக்கிறார்கள்?